நாரிலதையும் நாயகியும்

ஓவியன் படைக்கும் கற்பனை உலகத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. அவ்வுலகம் வாழ்க்கையின் இடர்களுக்கு அஞ்சியோடுவோரின் புகலிடம் என்பது ஒன்று. எவரிடத்தும் எதனையும் கடன்பெறாத தனிமேதை ஒருவனின் உள்ளத்தில் தானாகவே சுரக்கும் ஊற்று என்பது மற்றொன்று. முன்னது கலையை இழித்துரைக்கின்றது. பின்னது அதனை வீணே புகழ்கின்றது. இரண்டுமே பிழையென்பதற்குக் கண்டி மாநகரும் அதன் சுற்றுப்புறமும் தரும் சான்றைப் போன்ற தெளிவான சான்று இந்நாட்டிற் பிறிதில்லை என்பது என் துணிபு. அச்சான்றினை ஆசிரியர்களும் மாணவர்களும் இலக்கிய அன்பர்களும் நேரிற் சென்று காணவேண்டுமென்ற விருப்பத்தினாலேயே இவ்வாரம் இதனை எழுத முற்படுகின்றேன்.

கண்டிக்குச் செல்வோர் பலர். கண்டியைக் காண்போர் சிலர். தலதா மாளிகையைத் தரிசித்து, வாவிக்கரையில் உலாவி, பேராதனைப் பூங்காவில் உணவுப் பொதியை அவிழ்த்துண்டு, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்புவதே நம் பாடசாலைச் சுற்றுலாக்களின் வழக்கம். நகரிலிருந்து லேவெல்லை வழியாக மகாவலி கங்கையைக் கடந்து சிறிது தூரம் சென்றால், தெகல்தொருவை என்னும் குகை விகாரையை அடையலாம். கீர்த்தி சிறீ இராசசிங்கன் 1771 ஆம் ஆண்டளவிற் தொடங்கிய இத்திருப்பணி அவனுக்குப் பின்வந்த இராசாதி இராசசிங்கன் காலத்தில் நிறைவெய்தியது. பாறையைக் குடைந்து அமைத்த அக்குகையின் உள்ளே சயன நிலையிற் புத்தர். விதானத்தில் மாரனின் சேனை திரண்டு வரும் பெரும்போர். வெளிச்சுவரில் நாட்டையும் செல்வத்தையும் ஈன்ற மக்களையும் கட்டிய மனைவியையும் தானமாகக் கொடுத்த வெஸ்ஸந்தரனின் கதை. இவற்றைத் தீட்டியவர்களுள் தலையானவராகத் தேவரகம்பொல சில்வத்தென்னை என்னும் துறவியின் பெயர் வழங்கிவருகின்றது. குருநாகல் மாவட்டத்து ரிதி விகாரையிலும் அவர் கைவண்ணம் உண்டு.

புத்தர் கதைகளைக் கூறும் இவ்வோவிய மரபிலே, கதை மாந்தரோடு வேறொரு மாயக் கூட்டமும் குடிகொண்டிருக்கின்றது. சுவர்களில் மட்டுமன்றித் தூண்களிலும், தந்தப் பேழைகளிலும், துணிகளிலும் அக்கூட்டத்தைக் காணலாம். இடைக்கு மேல் மனிதராகவும் இடைக்குக் கீழ்ப் பறவையாகவும் விளங்கும் கின்னரர் ஒரு சாரார். யானையின் துதிக்கையும் முதலையின் வாயும் கொண்ட மகரம் ஒன்று. ஒன்பது பெண்கள் உடல்பின்னி யானை வடிவாக நிற்கும் நவநாரி குஞ்சரம் மற்றொன்று. ஐந்து பெண்கள் கூடிக் குடமாகும் காட்சி இன்னொன்று. இவையனைத்தினும் விந்தையானது நாரிலதை. இமயமலைச் சாரலில் வளர்வதாகக் கூறப்படும் அக்கொடியிற் பூப்பவை மலர்களல்ல, பெண்கள். அப்பூவைக் கண்ட மாத்திரத்தில் முனிவர்களின் தவமும் குலையும் என்பது கதை. கண்டிக் கலைஞன் அக்கொடியை வரையும்போது பெண்ணின் இடை எங்கே முடிந்து கொடியின் தண்டு எங்கே தொடங்குகின்றது என்று கண்ணாற் பிரித்தறிய இயலாதவாறு கோட்டினை ஓடவிடுகின்றான். மாயம் என்பது இதுவே. புகைமூட்டமோ மங்கிய ஒளியோ இங்கில்லை. ஐயந்திரிபற்ற ஒரு கோடு இரண்டு உலகங்களை இணைத்துவிடுகின்றது.

இவ்வளவு விந்தையான உலகம் கட்டற்ற மனப்போக்கினால் விளைந்ததென்று எண்ணுவோமாயின், நாம் பெரிதும் ஏமாந்துபோவோம். கண்டி ஓவியம் தொல்காப்பியத்தைப் போல இலக்கணம் வகுத்துக்கொண்ட கலை. கதை நீண்ட பட்டைகளாகப் பிரிக்கப்பட்டுத் தொடர்ந்து செல்கின்றது. ஒரே இளவரசன் ஒரே பட்டையில் மூன்று முறையும் நான்கு முறையும் தோன்றுகின்றான். உருவங்களுக்கு நிழல் இல்லை. தொலைவிலுள்ளது சிறிதாகவும் அண்மையிலுள்ளது பெரிதாகவும் தோன்றுவதில்லை. மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டு, அது இன்ன மரமென்று அறியத்தக்கதாய் நிற்கின்றது. வெறுமையாக விடப்பட வேண்டிய இடங்களிலெல்லாம் பூக்கள் நிறைந்திருக்கின்றன. புராண காலத்து மன்னரும் பரிவாரங்களும் கண்டி அரசவையின் உடையணிந்து, கண்டிப் பல்லக்கில் ஏறிக் கண்டி மேளங்கள் முழங்கச் செல்கின்றனர். தேவருலகமும் மாரனுலகமும் ஓவியன் அன்றாடம் கண்ட வீதியின் தொடர்ச்சியாகவே அமைந்துவிடுகின்றன.

பொருள்களும் அவ்வாறே அண்டை அயலிற் கிடைத்தவை. வெண்மைக்கு வெண்களி, செம்மைக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்குக் கொறக்காய் இனத்து மரமொன்றின் பிசின், கருமைக்கு விளக்கின் புகைக்கரி, இவற்றைப் பிணிக்க விளாம்பிசின். நுண்ணிய கோட்டுக்கு அணில் மயிரும் ஒருவகைப் புல்லின் கூரும், பரந்த பூச்சுக்குத் தட்டி நைத்த தாழை வேரும் தூரிகையாயின. விண்ணுலகை எழுதப் புகுந்தவன் மண்ணையும் மரத்தையும் நன்கு அறிந்தவனாக இருந்தான். கற்பனை என்பது தப்பியோடுதல் என்போருக்கு இதனினும் நேரான மறுமொழி வேண்டுவதில்லை.

இனி, கற்பனை எவரிடத்தும் கடன்பெறாதது என்னும் மற்றைய கருத்தை நோக்குவோம். கண்டி அரசு மலைகளாற் சூழப்பட்டிருந்ததேயன்றி, மனத்தாற் சூழப்பட்டிருக்கவில்லை. 1739 முதல் 1815 வரை அதன் அரியணையில் இருந்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் மரபினர். அம்மரபினனாகிய கீர்த்தி சிறீ இராசசிங்கனே, வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சிக்குத் துணைநின்று, 1753 ஆம் ஆண்டிற் சியாம் நாட்டுப் பிக்குகளை வரவழைத்து, நலிந்திருந்த பௌத்த சங்கத்தை மீண்டும் நிலைநிறுத்தினான். விகாரைகள் புதுப்பிக்கப்பட்டதும் ஓவியர்க்கு வேலை பெருகியதும் அம்மறுமலர்ச்சியின் விளைவே. நவநாரி குஞ்சரத்தைத் தென்னிந்தியக் கோயிற் கலையிலும் காண்கின்றோம். அது எங்கிருந்து எங்கே சென்றதென்று வழக்காடுவதிற் பயனில்லை. கடலின் இருகரையிலும் ஒரே கனவு காணப்பட்டது என்பதே கருதத்தக்கது.

இத்தொடர்பு நாயக்கர் காலத்துக்கும் முற்பட்டது. கண்டிக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரை 1344 ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. அதனை அமைத்த சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி என்று அங்குள்ள சாசனம் கூறுகின்றது. அதன் கற்றூண்களையும் விமானத்தையும் காணும் தமிழர் எவரும் தம்மூர்க் கோயிலொன்றின் முன் நிற்பதாக உணர்வர். அயலிலுள்ள இலங்காதிலக விகாரையின் பாறையிற் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கிருந்து சிறிது தூரத்தில், கதிர்காமத் தெய்வத்துக்குரிய எம்பெக்கை தேவாலயம் இருக்கின்றது. அதன் மரத்தூண்களிற் செதுக்கப்பட்ட உருவங்களிடையே கொடியிலிருந்து தோன்றும் பெண்ணையும் இருதலைப் பறவையையும் காணலாம். ஓருயிரும் இரண்டு தலைகளும் கொண்ட புள்ளைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். தலைவியும் தோழியும் கொண்ட பிரிவற்ற நட்புக்கு அதனை உவமையாக்கினர். ஏட்டிற் படித்த அவ்விருதலைப்புள் முருகனுக்குரிய சிங்களத் தேவாலயம் ஒன்றின் தூணில் நம்மை நோக்கியிருப்பதை எத்தனை தமிழாசிரியர்கள் தம் மாணவருக்குக் காட்டியிருக்கிறார்கள்?

அக்கனவுலகத்தை முதன்முதல் முறையாக ஆராய்ந்து உலகறியச் செய்தவரும் நம்மவரே. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947) சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தர். தாய் ஆங்கிலப் பெண்மணி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த அவர், கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களிற் சென்றபோது கலையைக் கண்டார். பரம்பரைக் கைவினைஞரிடம் நேரிற் கேட்டறிந்து, அவர்தம் வண்ணங்களையும் கருவிகளையும் உருவமைதிகளையும் பதிவுசெய்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908 ஆம் ஆண்டில் 425 பிரதிகளாக வெளிவந்தது. அது அச்சான கைப்பொறி, வில்லியம் மொறிஸ் தம் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட பொறியாகும். மொறிஸ் ஆங்கிலத்தில் மாயக் காவியக் கதைகள் புனைந்தவர். கைவினைஞனின் மதிப்பை மீட்கப் போராடியவர். அவருடைய கற்பனைக்குத் துணைநின்ற பொறியிலேயே நாரிலதையும் கின்னரரும் அச்சேறியமை பொருத்தமானதே.

நூலேறிய மரபு உயிருள்ள மரபாக வேண்டுமானால் அதனைத் தன் கையில் ஏற்கும் ஓவியன் ஒருவன் வேண்டும். ஜோர்ஜ் கீற் 1901 ஆம் ஆண்டிற் கண்டியிற் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தார். அங்குள்ள திரித்துவக் கல்லூரியிற் பயின்றார். ஆங்கிலமே வீட்டுமொழியாகவும் கிறித்தவமே வீட்டுச் சமயமாகவும் இருந்த அவ்விளைஞர், வாவியின் மறுகரையிலுள்ள மல்வத்தை விகாரையின் பிக்குகளை நாடிச் சென்று பௌத்தத்தையும் கீழைத்தேயச் செல்வங்களையும் கற்றார். இருபத்தைந்து வயதைக் கடந்த பின்னரே ஓவியத்தில் முழுமனத்தோடு ஈடுபட்டார். கண்டியைச் சூழ்ந்த கிராமங்களில் நெடுங்காலம் வாழ்ந்து, 1993 ஆம் ஆண்டு மறைந்தார்.

கீற் மீது பாதிப்புச் செலுத்தியோரைப் பட்டியலிடுவது எளிது. பிக்காசோவும் மத்தீசும் பிறாக்கும் அவருடைய கோட்டிற் தெரிகின்றனர். அவர்களை அவர் அறிந்தது பெரும்பாலும் நூல்களிலும் சஞ்சிகைகளிலும் வெளிவந்த அச்சுப் பிரதிகள் வாயிலாகவே. அது கருதிப் பிக்காசோவின் நிழலென்று அவரை ஒதுக்கிவிடுவோர் உண்டு. இக்கூற்றை நான் ஏற்பதற்கில்லை. ஒரே முகத்தைப் பக்கவாட்டிலும் நேரிலும் ஒருங்கே காட்டுவது ஐரோப்பியனுக்குப் புரட்சியாக இருந்திருக்கலாம். கண்டிச் சிறுவனுக்கு அது புதுமையன்று. உடலை நேராகவும் முகத்தைப் பக்கமாகவும் எழுதிய சுவர்களின் நடுவே வளர்ந்தவர் அவர். கண்ணுக்குத் தெரிவதை எழுதாமல் கதைக்கு வேண்டியதை எழுதுதல் என்னும் விதியைச் சில்வத்தென்னையின் மரபு அவருக்கு முன்னரே கற்பித்திருந்தது. பாரிசிலிருந்து வந்த படத்திலே அவர் கண்டது அந்நியனை அல்லர். தூரத்து உறவினரைக் கண்டார் என்றே நான் கொள்கின்றேன். இலக்கணம் கற்ற கவிஞன் பிறமொழி யாப்பைத் தயங்காது கையாளுவது போல, தன் மரபில் வேரூன்றிய ஓவியன் பிறர் மரபைத் தயங்காது பெற்றுக்கொள்கின்றான். வேரில்லாதவனே வரவைக் கண்டு அஞ்சுகின்றான்.

அவர் படைத்த கனவுலகத்தின் குடிமக்கள் காதலரும் தோழியரும் ஆவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜயதேவர் வடமொழியில் இயற்றிய கீதகோவிந்தத்தை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்; அது அவருடைய கோட்டோவியங்களுடன் 1947 இற் பம்பாயில் வெளிவந்தது. இராதையும் கண்ணனும் அவர் சித்திரங்களிற் பலமுறை வருகின்றனர். எனினும் அவருடைய பெண்களுட் பெரும்பாலோர்க்குப் பெயரில்லை. நாயகி, தோழி என்பனவே அவர்தம் பெயர். அகத்திணைத் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டலாகாது என்னும் விதியோடு வளர்ந்த தமிழ் வாசகனுக்கு இவ்வுலகம் வெகு அண்மையானது. அகன்ற விழியும் கனத்த கூந்தலும் கொண்ட அப்பெண்கள் காத்திருக்கின்றனர், தோழியின் தோளிற் சாய்கின்றனர், ஊடுகின்றனர். அவர்களைச் சுற்றியோடும் கோடு நாரிலதையின் கோடே. கொடியிற் பூத்த பெண் கொடியை விட்டிறங்கி நாயகியானாள் என்று கூறினால் அது மிகையாகாது.

கீற் கனவிலேயே மூழ்கியிருந்தாரா எனின், அதுவுமில்லை. 1939–40 ஆம் ஆண்டுகளிற் கொழும்பு பொறளையிலுள்ள கோதமி விகாரையின் சுவர்களிற் புத்தரின் வாழ்க்கையை எழுதினார். நவீன ஓவியன் ஒருவன் பொதுமக்கள் வந்து வழிபடும் சுவரொன்றிற்குத் தன் கலையைக் கொண்டுசென்ற அரிய நிகழ்ச்சி அது. 1943 ஆம் ஆண்டில் லயனல் வென்ட் முதலியோரோடு சேர்ந்து '43 குழு'வை அமைத்தவர்களுள் அவரும் ஒருவர். அக்குழுவிற் பறங்கியரும் சிங்களவரும், கிறித்தவரும் பௌத்தரும் இருந்தனர். முன்னாட் பிக்குவாகிய மஞ்சுசிறீயும் அதில் இடம்பெற்றார். ஊரூராகச் சென்று பழைய விகாரைச் சித்திரங்களைக் கோட்டுக்குக் கோடு படியெடுத்து வைத்த அவருடைய பல்லாண்டு உழைப்புக்கு 1979 ஆம் ஆண்டில் மக்சைசாய் விருது கிடைத்தது. புதுமைக் குழுவொன்றில் பழமையைப் படியெடுப்பவருக்கு இடமிருந்தமை கவனிக்கற்பாலது.

மஞ்சுசிறீ ஏன் படியெடுக்க வேண்டியிருந்தது? சுவரோவியத்துக்குப் பகைவர் பலர். பாறையிற் கசியும் நீர் ஒன்று. விளக்குப் புகை மற்றொன்று. தொட்டுப் பார்க்கும் விரல்கள் இன்னொன்று. இவற்றினும் கொடியது பக்தியின் பெயரால் நிகழும் அழிவு. பழைய சித்திரம் மங்கிவிட்டதென்று கருதி, அதன்மேற் சுண்ணம் பூசிப் பளபளக்கும் புதுவண்ணத்திற் புதுச்சித்திரம் எழுதுவிப்பதைத் திருப்பணியென்றே நன்மக்கள் நம்புகின்றனர். நம் கோயில்களிலும் இதே கதை நிகழ்வதை யாரறியார்? மண்டபத்து விதானத்திலிருந்த பழைய ஓவியத்தின்மேற் கும்பாபிடேகத்தை முன்னிட்டு எனாமல் வண்ணம் பூசப்பட்டதைக் கண்டு நான் வருந்தியதுண்டு. செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு அச்சித்திரத்தைப் படிக்கத் தெரியாது, அவ்வளவே. படிக்கத் தெரியாத ஏட்டைக் கறையானுக்கு விட்ட சமுதாயம் நம்முடையது. படிக்கத் தெரியாத சுவரையும் அவ்வாறே விட்டுவிடப் போகின்றோமா என்பதே என் கேள்வி.

இங்குதான் ஆசிரியரின் பொறுப்பு எழுகின்றது. 1920 களில் இலங்கைப் பாடசாலைகளின் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாயிருந்த சார்ள்ஸ் வின்சர் என்பார், கீற் போன்ற இளம் ஓவியருக்கு ஊக்கமளித்தவர். அவர் பெயராலேயே 1938 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தைத் தோற்றுவித்தார். வடபகுதிச் சித்திர ஆசிரியர் பலர் அதிற் கூடினர். தூண்டும் ஆசிரியர் ஒருவர் வாய்த்தால் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒருங்கே விளக்கேறும் என்பதற்கு இது சான்று. இன்றோ, தெகல்தொருவையின் பெயர் சித்திரபாடத்தில் இடம்பெற்றும், மாணவர் அதனைப் பரீட்சைக்குரிய விடையாக மனனஞ் செய்கின்றனர். கண்டியிலிருந்து ஒருமணி நேரப் பயணத்திலுள்ள தோட்டப் பாடசாலைகளிற் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுள்ளும் அக்குகையைக் கண்டவர் அரியர்.

அது பிறருடைய கலை. நமக்கென்ன என்று வினவுவோரும் உளர். அவர்களுக்குப் பேராதனையை நினைவூட்ட விரும்புகின்றேன். தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்த நாடகம என்னும் வடிவத்தைக் கொண்டு எதிரிவீர சரச்சந்திர 1956 ஆம் ஆண்டில் 'மனமே'யை ஆக்கினார். அதனைக் கண்டு ஊக்கம்பெற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கொடுத்தவர் இழக்கவில்லை, கொண்டவர் தாழவுமில்லை. ஓவியத்திலும் இக்கொடுக்கல் வாங்கல் நூற்றாண்டுகளாக நடந்துவந்துள்ளது. இடையிற் போரும் பகையும் வந்து மனங்களைப் பிரித்தன. சுவர்கள் அப்பிரிவினையை அறியா.

ஆகவே, சித்திர ஆசிரியர்க்கும் தமிழாசிரியர்க்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கண்டிச் சுற்றுலாவில் அரைநாளைத் தெகல்தொருவைக்கும் எம்பெக்கைக்கும் ஒதுக்குங்கள். விகாராதிபதியிடம் முன்னரே அனுமதி பெறுங்கள். மாணவர் கையிற் காகிதமும் பென்சிலும் இருக்கட்டும். சுவரைத் தொடாது, எட்டி நின்று, ஒரு கொடியையோ ஒரு மரத்தையோ பார்த்தெழுதட்டும். இளவரசன் ஒரு பட்டையில் எத்தனை முறை வருகின்றான் என்று எண்ணட்டும். இருதலைப்புள்ளைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். வகுப்புக்குத் திரும்பியபின், தம் ஊரையும் தம் தெருவையும் அவ்விலக்கணத்தில் வைத்துத் தமக்கென ஒரு மாயவுலகத்தை எழுதும்படி கூறுங்கள். நூறு பிள்ளைகளுள் ஒருவர் ஓவியராகலாம், ஆகாமலும் போகலாம். மற்றையோர் பிற்காலத்திற் கோயிற் பரிபாலன சபையிலோ விகாரையின் அயலிலோ இருந்து, பழைய சித்திரமொன்றின்மேற் சுண்ணம் பூசப்படவிருக்கும் நாளில், சற்றுப் பொறுங்கள் என்று சொல்லக் கூடியவர்களாக இருப்பார்கள். அது போதும்.